தலைக்காய அசெஸ்மென்ட்: இன்னும் உறுத்துகிற ஒன்றைச் சொல்லுங்கள்

பிசியோ_சேலம்:
பைக் விபத்து, 26 வயது, என்னிடம் வந்தபோது கோமா ஸ்கேல் 15, அதாவது முழு நினைவு. பெர்க் பேலன்ஸ் என்ற சமநிலை டெஸ்ட் போட்டேன், 56-க்கு 54. தசை பலம் எல்லாமே 5-க்கு 5. 'தனியாக நடக்கிறார்' என்று சந்தோஷமாக எழுதிவிட்டேன். காரிடாரில் கூடவே நடந்தபடி "என்ன வண்டி தம்பி வச்சிருந்தீங்க?" என்று கேட்டேன். நின்றார். "ஸ்பிளெண்டர்ண்ணா." மறுபடி நடந்தார். இன்னொரு கேள்வி, மறுபடி நின்றார். மரியாதைக்கு நிற்கிறார் என்று நினைத்தேன், பாருங்கள். மூன்று வாரம் கழித்து ரோட்டைக் கடக்கும்போது போன் அடித்திருக்கிறது, நடுரோட்டில் அப்படியே நின்றுவிட்டாராம். ஆட்டோக்காரர் பிரேக் அடித்ததால் தப்பினார். அந்த "ஸ்பிளெண்டர்ண்ணா" காதிலேயே நிற்கிறது.

காரைக்குடி_அக்கா:
நான் பிசியோ இல்லை, நோயாளியின் மனைவி. இவருக்குத் தொண்டையில் டிராக்கி, மூச்சுக்காகத் துளை போட்டு வைத்த குழாய், பேச்சு வராது. முழங்கையை மடக்கிப் பார்க்க வந்த பையன் "டைட்டா இருக்கு" என்று எழுதிக்கொண்டு இன்னும் அழுத்தினான். மானிட்டரில் இதயத்துடிப்பு 92 இருந்தது 130 ஆனது, நெற்றியெல்லாம் வேர்வை, இடது கண்ணில் தண்ணீர். "விடுப்பா தம்பி" என்று அவன் கையைப் பிடித்துவிட்டேன். எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் மூட்டைச் சுற்றிப் புது எலும்பு வளர்ந்திருப்பது தெரிந்தது. ஃபைலில் மட்டும் இன்றுவரை 'ஒத்துழைப்பு இல்லை' என்றே இருக்கிறது.

நியூரோபிசியோ17:
சேலம் சார், பெர்க் மேல் பழி போடாதீர்கள். அது முதியோருக்காக வந்த டெஸ்ட், 14 வேலைகளில் நடை என்று ஒன்றே கிடையாது. இளவட்டத்துக்கு ஹைமேட் (HiMAT) டெஸ்ட் போடுங்கள், 13 அயிட்டம், 54 மார்க், ஓட்டம், ஒற்றைக்கால் துள்ளல், பின்னால் நடப்பது எல்லாம் உண்டு. அதிலும் பேசிக்கொண்டே நடப்பது இல்லை, அதைத் தனியாகப் பார்க்கணும். 100-லிருந்து ஏழேழாகக் கழித்தபடி நடக்கச் சொல்லுங்கள், கணக்கு வராதவர் என்றால் மளிகை லிஸ்ட். அப்புறம், நினைவு முழுசாகத் திரும்பாதவரைப் பார்க்கும்போது டிவியை அணையுங்கள், ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள், பத்து விநாடி பொறுங்கள், சொந்தக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து "கையைத் தூக்குடா" என்று கத்த விடாதீர்கள். கண் தொடர்கிறதா என்று பார்க்கப் பேனாவை ஆட்டாமல் முகம் பார்க்கும் கண்ணாடியைக் காட்டுங்கள். என் கதையும் அதுதான், பேனாவைக் கண்டுகொள்ளாதவர் கண்ணாடியில் தன் முகத்தை விடாமல் பார்த்தார். அக்கா, உங்களுக்கு ஒன்று, எலும்பு வளர்ந்த மூட்டை வலுக்கட்டாயமாக மடக்கக் கூடாது, வலி வராத அளவுக்கு...

காரைக்குடி_அக்கா:
அதெல்லாம் சர்ஜன் சொல்லிவிட்டார் தம்பி. ஃபைலில் இருக்கும் அந்த 'ஒத்துழைப்பு இல்லை'யை யாரிடம் சொன்னால் அடித்து நீக்குவார்கள்? அதை மட்டும் சொல்லுங்கள்.