நேர்மையும் கவனமும் உள்ள முதலாளிகள்: நாங்கள் நேரில் கண்டவை

திருப்பூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

குழந்தைகள் ஆடை தைத்து ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் நான் பல ஆண்டுகள் மெர்ச்சண்டைசராக வேலை பார்த்தேன். பையருக்கும் (ஆடையை வாங்கும் வெளிநாட்டு நிறுவனம்) தொழிற்சாலைக்கும் நடுவில் இருக்கிற வேலை என்பதால், முதலாளி வெளியில் என்ன சொல்கிறார், அதில் எவ்வளவு உள்ளே நடக்கிறது என்கிற இரண்டும் எங்களுக்குத்தான் முதலில் தெரியும்.

குழந்தைகள் ஆடையில் பையர்கள் மிகவும் அஞ்சுவது ஊசிக்குத்தான். தைக்கும்போது ஊசி முறிந்தால், முறிந்த துண்டுகள் எல்லாவற்றையும் தேடியெடுத்து, ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, தேதியும் மெஷின் எண்ணும் எழுதிப் பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டிய பிறகே டெய்லருக்குப் புது ஊசி தர வேண்டும். ஒரு துண்டு குறைந்தால்கூட அந்த மெஷினைச் சுற்றியிருக்கும் துணி முழுவதையும் ஒதுக்கி வைத்துச் சோதிக்க வேண்டும். ஆடிட் வருகிற நாளில் எல்லாக் கம்பெனியிலும் இந்தப் பதிவேடு பளபளவென்று இருக்கும். ஆனால் பீஸ் ரேட்டுக்கு, அதாவது தைத்த எண்ணிக்கைக்கு ஏற்ற கூலிக்கு, தைப்பவர் ஊசி நுனியைத் தேடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவருடைய கூலியில்தான் குறைகிறது, சூப்பர்வைசரின் வசவு வேறு. எனவே எங்கேயோ எடுத்து வைத்திருந்த பழைய நுனி ஒன்றை ஒட்டிக் கணக்கைச் சரிசெய்துவிடும் பழக்கம் இந்த ஊரில் பலருக்கும் தெரிந்ததுதான்.

ஒரு நாள் இரவு, ஒன்றரை ஷிப்ட் முடிந்த நேரத்தில், தூத்துக்குடிக்குப் போக வேண்டிய பெட்டிகள் லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. ஓவர்லாக் மெஷினில் (துணி ஓரம் பிரியாமல் தைக்கும் மெஷின்) தைக்கும் டெய்லர் ஒரு பெண், சாப்பாட்டுத் தூக்கைக் கையில் பிடித்தபடி, வீட்டுக்குப் போகாமல் பாக்கிங் பக்கமே நின்றிருந்தார். முதலாளி வந்ததும் அவரிடமே போய், மதியம் முறிந்த ஊசியில் நுனி கிடைக்கவில்லை, பழைய துண்டை ஒட்டிவிட்டேன் என்று சொல்லிவிட்டார். சூப்பர்வைசர் வாயைத் திறப்பதற்குள் முதலாளி, "எந்த லாட்டுங்க அம்மிணி?" என்று மட்டும் கேட்டார். அவர் சொன்னதும் பெட்டிகளை இறக்கச் சொன்னார்.

இறக்கியவற்றை விடிய விடியப் பிரித்து, ஒவ்வொரு பீஸாக ஊசி கண்டுபிடிக்கும் மெஷினில் விட்டோம். ஒன்றும் சிக்கவில்லை. காலையில் மெக்கானிக் வந்து ஓவர்லாக் மெஷினைத் திறந்தபோது நுனி உள்ளே எண்ணெயோடு கிடந்தது. அதற்குள் அந்த வாரக் கப்பல் கைவிட்டுப் போயிருந்தது, தாமதத்துக்காகப் பையர் விலையில் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டார். அந்த மின்னஞ்சலைப் படித்துக் காட்டியவன் நான் என்பதால் முதலாளியின் முகம் எனக்கு நினைவிருக்கிறது. அவருக்கு வருத்தம் இருந்தது, மறைக்கவும் இல்லை. ஆனால் அந்த வாரமே அவர் கொண்டுவந்த மாற்றத்தை வேறெந்தக் கம்பெனியிலும் நான் பார்த்ததில்லை: ஊசி முறிந்தால் தேடுவதற்கு ஆகும் நேரத்துக்கு ஷிப்ட் கூலிக் கணக்கில் பணம் தரப்படும். டெய்லர் ஏன் பழைய துண்டை ஒட்டினார் என்று அவர் யோசித்துப் பார்த்திருக்கிறார். நாங்களாக இருந்தால் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, பதிவேட்டில் இன்னொரு கையெழுத்துக்கு இடம் ஒதுக்கியிருப்போம்.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட காலத்தையும் சொல்ல வேண்டும். கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனை அதற்குச் சில ஆண்டுகள் முன்பே வந்துவிட்டது. சாயக்கழிவு சேர்ந்து நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் என்ன ஆயின என்பதை அந்தப் பக்கத்து விவசாயிகளைக் கேட்டால் சொல்வார்கள். திடீரென்று டையிங் நின்றதும் ஆர்டர் கையில் வைத்திருந்த எல்லோருக்கும் மூச்சு முட்டியது. அப்போது ஒரு புரோக்கர் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, வேறு மாவட்டத்தில் இரவோடு இரவாகச் சாயம் போட்டுத் தருகிறோம், பில் எப்படி வேண்டுமோ அப்படித் தருகிறோம் என்றார். சாயத்தண்ணீர் எங்கே போகும் என்று முதலாளி கேட்டதற்கு அவர் சிரித்தார். முறையான சுத்திகரிப்பு உள்ள வெளிமாநிலப் பட்டறைக்குத் துணியை அனுப்பினோம், செலவு கூடியது, நாளும் கூடியது, பழைய பையர் ஒருவர் போயே போய்விட்டார். திரும்பி வரவில்லை. நேர்மைக்குப் பலன் தானாக வந்து சேரும் என்று எழுதுபவர்களுக்காக இதையும் பதிவு செய்கிறேன்.

மதுரையிலிருந்து ஓர் உறுப்பினர்:

மருத்துவமனையை வணிகத்தில் சேர்க்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும். தன் வரவில் தானே நிற்கிற நிறுவனம் என்பதால் அரவிந்த் கண் மருத்துவமனையை இங்கே சேர்க்கிறேன். டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்று, 58 வயதில், 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களோடு அறுவை சிகிச்சை செய்து பழகியவர் அவர்.

என் பாட்டிக்குக் கண்புரை முற்றியபோது எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முகாம் நடந்தது. அங்கே நான் கவனித்தது, அவர்கள் "மதுரைக்கு வாருங்கள்" என்று சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பிவிடவில்லை என்பதை. அன்றைக்கே பஸ் காத்திருந்தது, சாப்பாடும் தங்குமிடமும் அவர்கள் பொறுப்பு, முடிந்ததும் ஊருக்கே கொண்டுவந்து விட்டார்கள். ஆரம்ப காலத்தில் இலவச அறுவை சிகிச்சை என்று சொல்லியும் முகாமில் பார்த்தவர்களில் பெரும்பாலோர் வராமல் இருந்திருக்கிறார்கள். பஸ் கட்டணம், சாப்பாட்டுச் செலவு, கூட வருபவரின் ஒரு நாள் கூலி ஆகியவையே தடை என்று விசாரித்து அறிந்த பிறகுதான் இந்த ஏற்பாடு வந்ததாம். ஜனங்களுக்கு விழிப்புணர்வு போதாது என்று சொல்லிவிட்டுப் போவது எவ்வளவு சுலபம்! கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை இறக்குமதி செய்தால் ஏழைகளுக்குக் கட்டுப்படியாகாது என்று கண்டு, 1992இல் ஆரோலேப் தொடங்கி அதை மதுரையிலேயே தயாரித்ததும் அதே மாதிரியான விசாரிப்பின் தொடர்ச்சி என்றே நினைக்கிறேன். பாட்டி மட்டும், பஸ்ஸில் இட்லி ஆறிப்போயிருந்தது என்று கடைசிவரை குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

கோவையிலிருந்து ஓர் உறுப்பினர்:

இரண்டு பதிவுகளும் நன்று. ஆனால் "கவனம்" என்பதைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நான் கணக்குப் பிரிவில் இருந்த நூற்பாலை ஒன்றின் முதலாளிக்கு ஒவ்வொரு தொழிலாளியின் பெயரும், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்பதும் தெரியும். எந்தக் கல்யாணத்துக்கும் மொய் வைக்காமல் இருந்ததில்லை. "நம்ம முதலாளி தங்கமானவர்" என்று ஆலை முழுக்கச் சொல்வார்கள். அதே ஆலையில், சம்பளத்தில் பிடித்ததும் முதலாளி பங்குமான பி.எஃப். பணம் மாதக்கணக்கில் கட்டப்படாமல் கிடந்தது. அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டிய பணம் அது. அதில் ஏறக்குறைய பாதி தொழிலாளியின் சொந்தச் சம்பளம். பாஸ்புக்கை போனிலேயே பார்க்கிற வசதி அப்போது வந்திருக்கவில்லை. ஒருவர் மகள் கல்யாணத்துக்காக முன்பணம் கேட்டு விண்ணப்பித்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அந்தக் கல்யாணத்துக்கும் முதலாளி வந்து மொய் வைத்துவிட்டுத்தான் போனார். பெயர் தெரிந்து வைத்திருப்பதைத் தலைமைப் பண்பு என்று யாராவது பேசினால் எனக்கு அந்த மொய்க் கவர்தான் கண்முன் வரும்.

திருப்பூர் உறுப்பினரின் பதில்:

கோவை நண்பர் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். எங்கள் முதலாளிக்குப் பெயர்கள் அவ்வளவாக நினைவில் நிற்காது. எல்லாப் பெண்களும் அவருக்கு அம்மிணிதான், கல்யாணங்களுக்கும் பெரும்பாலும் மேனேஜரைத்தான் அனுப்புவார். ஆனால் பி.எஃப். செலுத்திய சலானின் நகல், பணியாளர் பெயர்ப் பட்டியலோடு, மாதந்தோறும் கேன்டீன் சுவரில் ஒட்டப்பட்டிருக்கும். லேபர் கான்ட்ராக்டர்கள் மூலம் வந்தவர்களின் பெயரும் அதில் இருக்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். அந்த ஒரு காரணத்துக்காகவே இரண்டு கான்ட்ராக்டர்கள் எங்களை விட்டுப் போனார்கள். சனிக்கிழமை சம்பளத்துக்கு வரிசையில் நிற்கும்போது பெண்கள் அந்தப் பட்டியலில் விரல் வைத்துத் தங்கள் பெயரைத் தேடுவார்கள், எழுத்துப் பிழை இருந்தால் அங்கேயே பேனாவால் வட்டம் போட்டுவிட்டுப் போவார்கள். திங்கட்கிழமை காலையில் அந்த வட்டங்களைப் பார்த்துத் திருத்துவது எங்கள் அலுவலகத்தில் ஒருவருடைய முதல் வேலையாக இருந்தது.