ஓர் ஓவியத்தை வைத்து இசபெலா சர்தோரிஸ்காவை எடை போடுவதா?

பழஞ்சுவடி: "இசபெலா சர்தோரிஸ்கா போலந்து மன்னரின் அத்தை மகனைக் கட்டியதால் பெயர் வாங்கிய சீமாட்டி, அவ்வளவுதான்" என்று கோட்டோவியன் நேற்று எழுதியிருந்தார். எரிச்சலாக இருக்கிறது. 1795இல் அண்டை நாடுகள் பங்கு போட்டதில் போலந்து நாடே வரைபடத்திலிருந்து காணாமல் போனது. அதற்கு முந்தைய வருடம்தான் ரஷ்யப் படை இசபெலாவின் புவாவி ஊர் மாளிகையைச் சூறையாடியிருந்தது. அதே இடத்தில் 1801இல் சிபில் கோவிலைத் திறந்து மன்னர்களின் நினைவுப் பொருட்களைச் சேர்த்து வைத்தார். போலந்தின் முதல் பொது அருங்காட்சியகம் அது.

கோட்டோவியன்: சரி, உலகம் அங்கே எதைப் பார்க்கப் போனது? லியொனார்டோவின் 'எர்மினுடன் பெண்' ஓவியத்தை (எர்மின் என்பது கீரி போன்ற சிறு விலங்கு). அதை வாங்கியது யார்? மகன் ஆதாம் யெர்ஷி, இத்தாலியில்.

பழஞ்சுவடி: வாங்கி யாரிடம் கொடுத்தார்? அம்மாவிடம்!

கோட்டோவியன்: வாங்கியது மகன்.

நெய்தல்வாசன்: இடையில் ஒன்று. அத்தை மகன் இல்லை, மாமா மகன். மன்னர் ஸ்தனிஸ்வாவ் ஆகஸ்ட்டின் தாயும் இசபெலாவின் மாமனாரும் உடன்பிறந்தவர்கள்.

கோட்டோவியன்: எப்படியும் அரச குடும்பம்தானே, அதைத்தான் சொன்னேன். உங்களுக்குப் பிழை பிடிப்பதைத் தவிர வேறு வேலையே கிடையாதா?

நதிமூலம்: மகன் மகன் என்கிறீர்களே, அவர் ரஷ்யத் தூதர் ரெப்னினுக்குப் பிறந்தவர் என்று அன்றைக்கே பேச்சு இருந்தது.

பழஞ்சுவடி: வந்துவிட்டார். ஒரு பெண்ணைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே படுக்கையறைக்குள் நுழைய வேண்டுமா? போன மாதம் ரஷ்யப் பேரரசி கேத்தரின் பற்றிய விவாதத்தையும் இப்படித்தான் கெடுத்தீர்கள், நான் மறக்கவில்லை. அரச உறவால் இசபெலாவுக்கு என்ன கிடைத்தது என்று கேளுங்கள், சொல்கிறேன். மகள் மரியாவை வூர்ட்டம்பர்க் இளவரசருக்குக் கொடுத்தார். 1792இல் ரஷ்யாவோடு நடந்த போரில், போலந்தோடு இணைந்திருந்த லித்துவேனியாவின் படைக்குத் தலைமை ஏற்ற அந்த மருமகன், உடம்பு சரியில்லை என்று நடித்து ரஷ்யர்களோடு போரிடாமலே இருந்துவிட்டார். மரியா மணமுறிவு வாங்கினார். ரஷ்யாவுக்கு எதிரான 1830 எழுச்சி தோற்ற பிறகு புவாவியும் பறிபோனது, அப்போது இசபெலாவுக்கு 85 வயது. அந்தச் சேகரிப்புதான் பாரிஸ் போய், 1878இல் கிராக்கோ நகரில் மறுபடி திறந்தது. பெயரால் மட்டும் வாழ்ந்த சீமாட்டியா இவர்?

கோட்டோவியன்: இவ்வளவு நீளமாக எழுதியும் கேட்டதற்குப் பதில் இல்லை. ஓவியத்தை வாங்கியது யார்?

நெய்தல்வாசன்: மாமா மகன் என்று முதலில் திருத்துங்கள்.

பழஞ்சுவடி: சிபில் கோவிலைக் கட்டியது யார்? அதை முதலில் சொல்லுங்கள், அப்புறம் ஓவியத்துக்கு வருகிறேன்.