0.693-க்கு போன ஒரு மார்க். ஒரே நேரத்துல ஆறேழு பாடம் படிச்சவங்க உங்க கதையையும் சொல்லுங்க

லாம்டா_கே

பிளஸ் டூ ஃபர்ஸ்ட் குரூப், தமிழ் மீடியம், 2013 பேட்ச். தமிழ், இங்கிலீஷ், கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, அப்புறம் ஒரே பாடம்னு பேர் வச்சுக்கிட்டு தாவரவியல், விலங்கியல்னு ரெண்டா வர்ற பயாலஜி.

பிசிக்ஸ் ரிவிஷன் டெஸ்ட். கதிரியக்கத்துல மூணு மார்க் கணக்கு. சிதைவு மாறிலி கொடுத்து அரை ஆயுட்காலம் கேட்டிருந்தாங்க. எனக்கோ முந்தின நாள் ராத்திரி பூரா கெமிஸ்ட்ரி வினைவேகவியல் படிச்ச கை. 0.693 போட்டு, கீழ சிதைவு மாறிலியோட குறியான லாம்டாவுக்குப் பதிலா, கெமிஸ்ட்ரில வேக மாறிலிக்குப் போடுற கே போட்டுட்டேன். விடை சரி. யூனிட்டும் சரி. சார் அந்த கே-வைச் சுத்தி சிவப்பு மையில வட்டம் போட்டு, பக்கத்துல "இது கெமிஸ்ட்ரி"ன்னு எழுதி ஒரு மார்க் வெட்டியிருந்தார்.

ஸ்டாஃப் ரூமுக்குப் போய்க் கேட்டேன். "அவர் பாடத்தை அவர் பேப்பர்ல எழுது"ன்னார். அந்த 'அவர்', அதாவது கெமிஸ்ட்ரி சார், பக்கத்து டேபிள்லதான் இருந்தார். டிபன் பாக்ஸ்ல எலுமிச்சை சாதம். நிமிர்ந்துகூடப் பார்க்கல. இன்னிக்கும் அந்த மூடி மேல இருந்த ஊறுகாய்த் துண்டு ஞாபகம் இருக்கு.

எனக்கு உறுத்துறது மார்க் இல்ல. கணக்குல வகைக்கெழுச் சமன்பாடு பாடத்துல ரேடியம் சிதையுற கணக்கு இருந்துச்சு. பாக்டீரியா பெருகுற கணக்கும் இருந்துச்சு, குறையுறதுக்குப் பதிலா கூடும், அவ்வளவுதான். கெமிஸ்ட்ரில முதல் வகை வினை. எல்லாம் ஒரே சமன்பாடு: கையில எவ்வளவு இருக்கோ அதுக்குத் தக்க வேகத்துல மாறும். பிசிக்ஸ் புக்ல அரை ஆயுட்காலம், கெமிஸ்ட்ரி புக்ல அரை வாழ்காலம். வேற வேற பேர், அதனால வேற வேற விஷயம்னு ரெண்டு தடவை மனப்பாடம் பண்ணேன். 0.693-ங்கிறது வெறும் ரெண்டோட இயல் மடக்கைன்னு காலேஜ் ரெண்டாவது வருஷத்துலதான் தெரிஞ்சது. ஒரே மாடி, மூணு ரூம். ஒருத்தர்கூட சொல்லல.

உங்களுக்கு இப்படி ஏதாவது?

வாத்தியார்வீட்டுப்பையன்

சார் வெட்டினது சரிதான் ப்ரோ. கேள்வியில லாம்டான்னு கொடுத்தா லாம்டாதான் எழுதணும். பப்ளிக்ல திருத்துறவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை பேப்பர்னு நினைக்கிறீங்க? உங்க கே எங்கேருந்து வந்துச்சுன்னு ஆராய்ச்சி பண்ணிட்டு இருக்க முடியாது. எங்கப்பா திருத்தப் போயிட்டு வந்தா ராத்திரி சோத்துல கை வைக்கக்கூட தெம்பு இருக்காது. வாத்தியாரைத் திட்டுறது இப்ப ஃபேஷன் ஆயிடுச்சு.

என் கதை வேற. அதே 1200 மார்க் காலம், பயாலஜி பப்ளிக். தாவரவியலுக்கு ஒரு பேப்பர், விலங்கியலுக்குத் தனிப் பேப்பர்னு கட்டிக் கொடுக்கணும். நான் விலங்கியல் பத்து மார்க் பதிலைத் தாவரவியல் பேப்பர்லயே எழுதிட்டேன். இதயம் படம் போட்டு, எட்டு பாகம் குறிச்சு, நிழல்கூடக் கொடுத்தாச்சு. அப்புறம்தான் மேல இருந்த இருவித்திலைத் தண்டு கண்ணுல பட்டுச்சு. நான் வரைஞ்ச இதயத்துக்கு நானே குறுக்க ரெண்டு கோடு போட்டேன். மணி பன்னிரண்டே முக்கால். திரும்ப வரைஞ்ச இதயம் மாங்காய் மாதிரி இருந்துச்சு.

டெபிட்_கிரெடிட்

நான் காமர்ஸ். எங்களுக்கு இந்தத் தொல்லை இல்ல, அக்கவுண்டன்சியில தப்பு பண்ணா அக்கவுண்டன்சியில மட்டும்தான் போகும்.

ஆனா இப்ப படிக்கிற தம்பி தங்கச்சிங்க யாராவது இதைப் பார்த்தா, கொஞ்சம் கேளுங்க. ஒண்ணுபோல இருக்குற ரெண்டு பாடத்தை ஒரே ராத்திரியில படிக்காதீங்க. பிசிக்ஸ் படிச்சா அடுத்து தமிழ் எடுங்க, செய்யுளை சத்தமா ஒப்பிச்சா தூக்கமும் போகும். கணக்கை விடியக்காலையில போடுங்க, பார்த்துப் படிக்காதீங்க, கையால போடுங்க. ஃபார்முலாவுக்குத் தனி நோட்டு போடுறவங்க அதை நாலா பிரிக்காம ஒரே நோட்டுல எழுதுங்க, அப்பதான் எது எங்க திரும்ப வருதுன்னு தெரியும். இப்ப ஒரு பாடத்துக்கு 100தான், மொத்தம் 600, அதுலயும் பயாலஜி தியரி 35-ம் 35-ம். அதுக்காக ஒரு பாதியை விட்டுட்டு இன்னொரு பாதியை மட்டும் படிக்கலாம்னு கணக்குப் போடாதீங்க. ரெக்கார்டு நோட்டைக் கடைசி வாரத்துல பக்கத்து பெஞ்சுக்காரன்கிட்ட வாங்கி எழுதாதீங்க. ராத்திரி பதினொண்ணுக்கு மேல டீ குடிக்காதீங்க. வீட்டுல கல்யாணம் காதுகுத்துன்னு கூப்பிட்டா தைரியமா வரலைன்னு சொல்லுங்க.

லாம்டா_கே

அண்ணே, நன்றி. ஆனா நான் படிச்சு முடிச்சு பத்து வருஷத்துக்கு மேல ஆகுது.

பனங்காய்ப்பணியாரம்

யாழ்ப்பாணத்தில இருந்து. எங்கட பக்கம் ஓ.எல்.-ல, அதாவது பதினோராம் வகுப்பு அரசாங்கப் பரீட்சையில, ஒன்பது பாடம். சமயம், தமிழ், ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு எல்லாருக்கும் கட்டாயம். மிச்சம் மூண்டும் தொகுதிப் பாடம், நாங்களே தெரிவு செய்யலாம். நான் வர்த்தகமும் கணக்கியலும் ஒண்டு, சங்கீதம் ஒண்டு எடுத்தனான். பின்னேரம் ரீச்சர் வீட்டில மோகனம் பாடிப் போட்டு, அப்பிடியே சைக்கிள்ல கணக்கியல் ரியூசன்.

ஒரு நாள் ஐந்தொகை சமப்படேல்ல. ஒன்பது ரூபா இடிக்குது. (அங்க நீங்கள் இருப்புநிலைக் குறிப்பு எண்டு சொல்லுறது.) நான் என்னை அறியாமல் ஸ்வரம் முணுமுணுத்துக்கொண்டு கூட்டியிருக்கிறன். சேர் கிட்ட வந்து நிண்டவர். அடிக்கப் போறார் எண்டு நினைச்சன். "பிள்ளை, ரூபக தாளமா ஆதி தாளமா?" எண்டு கேட்டார். அவருக்குச் சங்கீதம் தெரியும் எண்டு அண்டைக்குத்தான் தெரியும். பிறகு அவரே பிழையைக் காட்டினார். 54-ஐ 45 எண்டு எழுதியிருந்தன். அடுத்த உயர்தரப் பரீட்சை ஏ.எல்.-ல மூண்டே பாடம், உயிரியல் எடுத்தன். சங்கீதம் அதோட நிண்டு போச்சு. அந்தச் சேரிட்ட பிறகு ஒருக்காலும் கதைக்கேல்ல, அதுதான் கவலை.

வாத்தியார்வீட்டுப்பையன்

@பனங்காய்ப்பணியாரம் இதைத்தான் சொன்னேன், நல்ல வாத்தியாரும் இருக்காங்க.

லாம்டா_கே

இல்லைன்னு நான் எங்க சொன்னேன்?

ரெண்டாம்_இன்னிங்ஸ்

நான் மாணவியான்னு கேட்டா, முப்பத்தி நாலு வயசுல மறுபடியும் மாணவி. குரூப் 4, டி.என்.பி.எஸ்.சி. நடத்துற அரசு வேலைக்கான பரீட்சை. 200 கேள்வி, 300 மார்க், மூணு மணி நேரம். நூறு கேள்வி தமிழ், 75 பொது அறிவு, 25 கணக்கு. பொது அறிவுன்னா இயற்பியல்ல இருந்து இந்திய அரசியலமைப்பு வரைக்கும், ஆறாவதுல இருந்து பள்ளிப் புத்தகத்தையெல்லாம் புரட்டணும். புதுசா வாங்காம அப்ப ஏழாவது படிச்ச என் பொண்ணு புக்கைத்தான் அவ தூங்கின பிறகு எடுப்பேன். ஒன்பதரையில இருந்து பன்னிரண்டு வரைக்கும் அது என் புக்.

சமூக அறிவியல்ல விஜயநகரப் பாடம் முழுக்கப் பேனாவால அடிக்கோடு போட்டிருக்கேன். பழக்கதோஷம். மறுநாள் கிளாஸ்ல மிஸ் பார்த்துட்டு, "அரசாங்கம் சும்மா கொடுத்த புக்குன்னா கிறுக்குவியா, யார் போட்டது?"ன்னு கேட்டிருக்காங்க. இவ "நான்தான் மிஸ்"னு சொல்லியிருக்கா. பீரியட் முடியுற வரைக்கும் நிக்க வச்சிருக்காங்க. வீட்டுக்கு வந்து என்கிட்ட மூச்சு விடல. அவ ஃப்ரெண்டோட அம்மா சொல்லித்தான் தெரியும். ஏன்டி என் பேரைச் சொல்லலன்னு கேட்டா, "அம்மா ஏழாவது படிக்கிறாங்கன்னு சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க"ன்னா.

அந்தப் பரீட்சையில விஜயநகரம் பத்தி ஒரு கேள்விகூட வரல.

டெபிட்_கிரெடிட்

சிஸ்டர், அடிக்கோடு போடுறதுக்குப் பதிலா சின்னச் சின்னக் குறிப்பா எழுதி வைங்க. ஒரு பாடத்துக்கு ஒரு பக்கம். அப்புறம்

லாம்டா_கே

அண்ணே விடுங்க.

முன்னாடி சொல்ல மறந்தது ஒண்ணு. இப்ப நான் மருந்துத் துறையிலதான் இருக்கேன். மாத்திரை போட்ட பிறகு ரத்தத்துல அதோட அளவு பாதியாகுறதுக்கு எவ்வளவு நேரம்னு கணக்குப் போடுவோம். அங்கயும் அதே 0.693தான். கீழ கே. அந்த டெஸ்ட் பேப்பர் இன்னும் வீட்டுப் பரண்ல இருக்கு. அக்கா, பாப்பா இப்ப எந்த கிளாஸ்?

ரெண்டாம்_இன்னிங்ஸ்

எட்டாவது. இப்ப பென்சில்தான், காலையில அவ எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி அழிச்சுடுவேன்.