பாட்டி பெட்டியில் கிடைத்த நெத்திச்சுட்டி, மணிப்பை, புரோச்

களியக்காவிளை அக்கா: பாட்டி நாட்டியத்துக்கு அணிந்த சிவப்புக்கல் நெத்திச்சுட்டி, மணி கோத்த கைப்பை, பின்னால் ‘டிரிஃபாரி’ என்று பொறித்த புரோச் (உடையில் குத்தும் நகை), மூன்றும் கிடைத்தன. சுட்டி முழுக்க அழுக்கு. சோப்புத் தண்ணீரில் ஊறவைக்கலாமா?

வடசேரித் தம்பி: ஐயோ வேண்டாம் அக்கா! எங்கள் வடசேரிக் கோயில் நகை வேலைப்பாடாக இருந்தால் கெம்பு என்கிற அந்தச் சிவப்புக் கல்லுக்கு அடியில் அரக்கு இருக்கும், ஈரம் இறங்கினால் கல் ஆட ஆரம்பித்துவிடும், உலர்ந்த பருத்தித் துணியால் மெதுவாகத் துடைத்தால் போதும். புது முலாமும் பூசாதீர்கள், அந்தப் பழைய நிறம்தான் அழகு.

பாறசாலைக்காரி: டிரிஃபாரி அமெரிக்க நகைக் கம்பெனி. பெயர் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆங்கில ‘சி’ (பதிப்புரிமைக் குறி) இருந்தால் பெரும்பாலும் 1955 அல்லது அதற்குப் பிந்தியது.

களியக்காவிளை அக்கா: இருக்கிறது! சரி, பையில் நூல் இற்று மணி உதிர்கிறதே?

பாறசாலைக்காரி: தொங்கவிடாதீர்கள், கனத்தில் இன்னும் அறும். வெள்ளைத் துணியில் சுற்றிப் படுக்கையாக வையுங்கள், உதிர்ந்த மணி ஒன்றைக்கூட வீசாதீர்கள்.