ஆர்க் மோடில் ஒரு நீளக் கையேட்டைத் திருத்திய அனுபவம்

தண்ணீர் மோட்டார் பராமரிப்புக் கையேடு ஒன்றைத் தமிழில் தொகுத்துத் தரும் வேலை வந்தது. பல பேர் எழுதிய பக்கங்கள். ஒருவர் வயரிங்கை முதலில் வைத்திருந்தார், இன்னொருவர் கடைசியில். எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கொட்டி, தலைப்புகளுக்கு முன்னால் நட்சத்திரக்குறி போட்டு, ஈமாக்ஸ் என்ற உரைத்திருத்தியில், தலைப்புவாரியாக உரையை அடுக்க உதவும் ஆர்க் மோடில் திறந்தேன். ஒரு நட்சத்திரம் என்றால் அத்தியாயம், இரண்டு என்றால் உட்தலைப்பு. அவ்வளவுதான் இலக்கணம்.

ஒரு தலைப்பின் மேல் நின்று டேப் தட்டினால் அது மடங்கும், விரியும். ஷிப்ட்-டேப் மொத்தக் கோப்புக்கும் அதையே செய்யும். ஈமாக்ஸில் முன்பே இருந்த அவுட்லைன் மோடில் இதற்கென்றே பத்துக்கு மேல் கட்டளைகள் உண்டு. அந்த எரிச்சலில்தான் கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியலாளர் 2003இல் ஆர்க் மோடைத் தொடங்கினார். நியாயமான எரிச்சல்!

மடக்கி வைத்துப் பார்த்தபோதுதான் வரிசைக் குளறுபடி கண்ணில் பட்டது: பொருத்தும் முறைக்கு முன்பே பழுது பார்த்தல் வந்து உட்கார்ந்திருந்தது. ஆல்ட் விசையோடு கீழ் அம்பு ஒரு தட்டு. அடியில் இருந்த உட்தலைப்புகள், அட்டவணை, குறிப்பு என்று மொத்தக் குடும்பமும் கீழே இறங்கிவிட்டது. இதையே வெட்டி ஒட்டிச் செய்யப்போனால் எங்காவது ஒரு பத்தி விடுபடும்.

தலைப்பின் படியை மாற்றும்போது மட்டும் கவனம் வேண்டும். ஆல்ட்-வலது அம்பு அந்த ஒரு தலைப்பை மட்டும்தான் உள்ளே தள்ளும். இரண்டு நட்சத்திரத்தில் இருந்த ‘கெப்பாசிட்டர்’ மூன்றுக்குப் போகும். ஆனால் அதற்குக் கீழே ஏற்கெனவே மூன்றில் இருந்த ‘சோதிக்கும் விதம்’ நகராது, அதற்கே சமமாக நின்றுவிடும். கூடவே ஷிப்டையும் பிடித்தால்தான் பிள்ளைகளும் சேர்ந்து நகரும்.

எனக்கு மிகவும் பிடித்தது கன்ட்ரோல்-எக்ஸ், அப்புறம் என், எஸ். நிற்கிற பகுதியைத் தவிர மற்றதெல்லாம் திரையிலிருந்து போய்விடும். தேடி மாற்றும் வேலையை அந்தப் பகுதிக்குள் தைரியமாகச் செய்யலாம், வேறு அத்தியாயத்தில் கை படாது. முடிந்ததும் கன்ட்ரோல்-எக்ஸ், என், டபிள்யூ அடித்தால் முழுக் கோப்பும் திரும்ப வரும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒன்று. லினக்ஸில் கணினியின் விசைப்பலகை அமைப்பையே தமிழுக்கு மாற்றி வைத்திருந்தால், அடுத்த தலைப்புக்குத் தாவும் கன்ட்ரோல்-சி, அப்புறம் கன்ட்ரோல்-என் போன்றவை வேலை செய்யாமல் போகலாம். ஈமாக்ஸுக்குப் போய்ச் சேருவது தமிழ் எழுத்தாக இருக்கும். ஈமாக்ஸுக்குள்ளேயே இருக்கும் தமிழ் உள்ளீட்டு முறையைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோலோடு பின்சாய்வுக்கோடு தட்டி மாற்றிக்கொள்ளுங்கள். தமிழும் வரும், குறுக்குவிசைகளும் ஓடும்.