எப்போதாவது மரம் அறுக்க எந்த செயின்சா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

சுங்கை ஆரா வாசி:

வணக்கம். பினாங்கு பாலிக் புலாவில் எங்களுக்கு அரை ஏக்கர் நிலம் இருக்கிறது. ரம்புத்தான், பலா, வேலியோரம் ஜாதிக்காய், இரண்டு கிழட்டுத் தென்னை. வாரக் கடைசியில்தான் போவோம். காற்றடித்தால் ஏதாவது ஒரு கிளை முறிந்து பாதையை மறித்துக் கிடக்கும். இத்தனை நாள் பாராங் கத்தியை வைத்தே ஒப்பேற்றினோம், தொடை கனத்துக் கிளைக்கு அது சரிப்படவில்லை. ஆள் கூப்பிட்டால் இவ்வளவு சின்ன வேலைக்கா என்கிறார்கள். இணையத்தில் பார்த்தால் இருநூறு சொச்சம் வெள்ளிக்கும் (ரிங்கிட்) செயின்சா இருக்கிறது, ஆயிரத்துக்கு மேலும் இருக்கிறது. வருஷத்தில் நாலைந்து தடவை தொடப்போகிற பொருளுக்கு எது தோது? கடைக்காரர் பேச்சைக் கேட்டாகிவிட்டது, வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

தெலுக் கும்பார் பழத்தோட்டம்:

தம்பி, 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கைப் புரட்டிப்போட்ட புயல்மழை ஞாபகமிருக்கும். எங்கள் கம்பத்தில் (கிராமத்தில்) பாதி வீடுகளுக்கு செயின்சா வந்தது அதற்கப்புறம்தான். நான் வாங்கியது ஸ்டில் எம்எஸ் 170. 30 சிசி, 14 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு). பக்கத்து வீட்டுக்காரர் இணையத்தில் 52 சிசி, 20 அங்குல பார் போட்டது வாங்கினார். விலை என்னுடையதில் பாதிகூட இல்லை. என்னுடையதைப் பார்த்து, "இது என்ன விளையாட்டுச் சாமானா?" என்று சிரித்தார்.

அவருடையது வெட்டாது என்று சொல்ல மாட்டேன், நன்றாகவே வெட்டும். ஆனால் கீழே விழுந்த ரம்புத்தான் கிளைக் குவியலுக்குள் அவ்வளவு நீளமான பாரை விட்டால், நுனி எங்கே போய் எதில் இடிக்கிறது என்று தெரியாது. நுனியின் மேல்பாதி மரத்தில் பட்டால் மெஷின் நம் முகத்தைப் பார்த்து எகிறும். ஒரு தடவை அவருக்கு அப்படி எகிறியது. செயினைச் சட்டென்று நிறுத்தும் செயின் பிரேக் பிடித்ததால் தப்பித்தார். அன்றிலிருந்து சின்ன வேலைக்கெல்லாம் என்னுடையதைத்தான் இரவல் கேட்கிறார். 14 அங்குல பாரில் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி அறுத்தால் இரண்டு அடி குறுக்களவுள்ள கட்டையே துண்டாகிவிடும். அரை ஏக்கரில் அதைவிடப் பெரிய மரம் விழுந்தால் அது நம் வேலையே இல்லை, ஆள் கூப்பிட வேண்டியதுதான்.

எந்த மெஷின் வாங்கினாலும் கூடவே அரம் வாங்குங்கள். இந்த அளவு மெஷின்களில் பெரும்பாலும் வரும் சின்ன பிட்ச் (கண்ணி இடைவெளி) செயினுக்கு 4 மில்லிமீட்டர் வட்ட அரம் போதும். உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, ஒரே திசையில் தள்ள வேண்டும். ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு, ஒரு பல் விட்டு அடுத்த பல். அந்தப் பக்கம் முடிந்ததும் மெஷினைத் திருப்பி மிச்சப் பற்கள். எப்போது தீட்டுவது என்று கேட்டால், காலடியில் விழும் தூளைப் பாருங்கள். சீவல் சீவலாக விழுந்தால் கவலை இல்லை. மாவாகக் கொட்டினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மழுங்கிய செயினை மரத்தில் அழுத்தி அழுத்தி அறுப்பவரைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். கை நழுவுவதெல்லாம் அந்த நேரத்தில்தான்.

பட்டர்வொர்த் பட்டறை:

நான் புல்வெட்டி, செயின்சா ரிப்பேர் செய்கிறவன். எந்த பிராண்டு நல்லது என்ற சண்டைக்கு வரவில்லை. என் மேசைக்கு எது வருகிறதோ அதைச் சொல்கிறேன்.

தினமும் அறுப்பவர்களின் மெஷின் தேய்ந்து வரும். உங்களைப் போல எப்போதாவது அறுப்பவர்களின் மெஷின் ஸ்டார்ட் ஆகாமல் வரும். டேங்கில் பெட்ரோலை வைத்தபடியே ஸ்டோரில் போட்டுவிடுவார்கள். மாதக்கணக்கில் கிடந்தால் அது பிசின் மாதிரி, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்ப்ரேட்டருக்குள் ஒட்டிக்கொள்ளும், உள்ளே இருக்கும் டயஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு விறைத்துப்போகும். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்துவிட்டு, தானாக அணையும்வரை ஓடவிட்டு வையுங்கள். இதை மட்டும் எல்லாரும் செய்தால் எனக்கு வியாபாரம் பாதியாகிவிடும்.

அப்புறம் பெட்ரோலில் கலக்கும் 2டி ஆயில். 50-க்கு 1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி, 25-க்கு 1 என்றால் 40 மில்லி. எது என்று மெஷினோடு வரும் புத்தகத்தில் போட்டிருக்கும். ஆயில் கலக்காமல் வெறும் பெட்ரோல் ஊற்றி, பிஸ்டன் கீறிப்போய் வந்த மெஷின்களைப் பிரித்துக் காட்டினால் உரிமையாளர் முகத்தைப் பார்க்க முடியாது. அதைச் சரிசெய்யும் காசுக்கு, மலிவு மெஷினாக இருந்தால் புதிதே வாங்கிவிடலாம்.

செயினைத் தலைகீழாக மாட்டிவிட்டு "வெட்டவே மாட்டேங்குது அண்ணே" என்று வருபவர்களும் உண்டு. பாரின் மேல்பக்கத்தில் பற்கள் நுனியைப் பார்த்து இருக்க வேண்டும், அவ்வளவுதான். காசு வாங்காமல் மாட்டிக் கொடுத்து அனுப்புவேன். செயின் ஆயிலுக்குப் பதிலாகக் காரில் இறக்கிய கழிவு ஆயிலை ஊற்றாதீர்கள். அதிலுள்ள இரும்புத்தூள் ஆயில் பம்பைத் தின்றுவிடும், தெறிப்பதெல்லாம் உங்கள் பழமரத்தில்தான் படும்.

மலிவு மெஷின் வாங்குவது உங்கள் இஷ்டம். வாங்கும் முன் அதன் டயஃப்ரம், ஸ்டார்ட்டர் கயிறு, பார் எல்லாம் உங்கள் ஊர்க் கடையில் கிடைக்குமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

புக்கிட் மெர்தாஜாம் அக்கா:

பெட்ரோல் மெஷினைப் பற்றியே எல்லாரும் பேசுகிறீர்கள். நான் பேட்டரிதான். மகீத்தா டியுசி353, 18 வோல்ட் பேட்டரி இரண்டு போட வேண்டும், பார் 35 சென்டிமீட்டர். வீட்டில் டிரில்லும் புல்வெட்டியும் அதே பேட்டரியில் ஓடுவதால் மெஷினை மட்டும் தனியாக வாங்கினேன். பேட்டரி, சார்ஜர் எல்லாம் புதிதாக வாங்க வேண்டியிருந்தால் கணக்கு வேறு, அப்போது பெட்ரோலைவிடச் செலவாகிவிடும்.

எனக்குப் பிடித்தது, மாசக்கணக்கில் தொடாமல் வைத்திருந்தாலும் எடுத்து அழுத்தினால் ஓடும். கயிறு இழுத்துத் தோள்பட்டை கழன்ற கதையெல்லாம் இல்லை. பட்டறை அண்ணன் சொன்ன கார்ப்ரேட்டர் தொல்லையும் கிடையாது. பக்கத்து வீட்டில் குழந்தை தூங்கினாலும் மாமரக் கிளையை அறுத்துவிடலாம். குறை இல்லாமல் இல்லை. பலாவின் அடிமரத்தில் போனால் பேட்டரி மளமளவென்று இறங்கும், ஒரு ஜோடி சார்ஜ் ஆகும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். சும்மா வைத்திருக்கும்போது செயின் ஆயில் கசியும், அடியில் அட்டை போட்டு வைக்கிறேன். பேட்டரியை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

பலாக்கிளை அறுக்கும்போது முதலில் அடியிலிருந்து கொஞ்சம், பிறகு சற்றுத் தள்ளி மேலிருந்து, கடைசியில் மிச்சக் கட்டையைத் தண்டோடு ஒட்டிய வீக்கத்துக்கு வெளியே. நேராக மேலிருந்தே அறுத்தால் கிளை தொங்கி, பட்டையை அடிமரம்வரை உரித்துக்கொண்டு போய்விடும். ஏணியில் நின்று மட்டும் அறுக்காதீர்கள். கைக்கு எட்டாத கிளைக்கு நான் நீளக் கம்பில் பொருத்திய ரம்பம்தான் எடுப்பேன்.

அம்பாங்காரன்:

கோலாலம்பூரிலிருந்து ஒரு குறிப்பு. 2024 மே மாதம் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் மரம் விழுந்து ஓர் உயிர் போனது. அதற்கப்புறம் எங்கள் பக்கம் எல்லாருக்கும் வீட்டு மரத்தை வெட்டிவிட வேண்டும் என்று அவசரம். மெஷின் இருக்கிறது என்பதற்காக உடனே மரத்தில் வைத்துவிடாதீர்கள். 1976-ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேல் உள்ள மரத்தை வெட்ட ஊராட்சி மன்றத்தின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். பட்டுப்போன மரம், இப்போதே விழப்போகிற மரம் என்றால் விலக்கு உண்டு. கிளை கழிப்பதற்கு இந்தத் தலைவலி இல்லை. கிளை டிஎன்பி (மின்வாரியம்) கம்பிமேல் சாய்ந்திருந்தால் மட்டும் எந்த மெஷினையும் எடுக்காமல் அவர்களைக் கூப்பிடுங்கள்.

காற்றில் சாய்ந்து வில் மாதிரி வளைந்து நிற்கும் கிளையிடமும் ஜாக்கிரதை. அமுங்கி இருக்கும் பக்கத்தில் முதலில் கொஞ்சம் அறுத்து, அப்புறம்தான் இழுபட்டிருக்கும் பக்கம். மாற்றிச் செய்தால் கட்டை தெறித்து நெஞ்சில் அடிக்கும்.

சுங்கை ஆரா வாசி:

எல்லாருக்கும் நன்றி. அக்கா, எங்கள் வீட்டிலும் மகீத்தா 18 வோல்ட் டிரில் இருக்கிறது. அந்த பேட்டரி சேருமா? தென்னையையும் இதிலேயே பார்த்துக்கொள்ளலாமா?

தெலுக் கும்பார் பழத்தோட்டம்:

தென்னைக்கு ஆள் கூப்பிடுங்கள் தம்பி. நார் கட்டை, புது செயினையும் சீக்கிரம் மழுக்கிவிடும். கிழட்டுத் தென்னை எந்தப் பக்கம் சாயும் என்றும் சொல்ல முடியாது.

புக்கிட் மெர்தாஜாம் அக்கா:

டிரில் பேட்டரியில் எல்எக்ஸ்டி என்று போட்டிருந்தால் சேரும். 3 ஆம்பியர்-மணி பேட்டரியே ஓடும், 5 இருந்தால் அடிக்கடி மாற்ற வேண்டாம். கடையில் இப்போது 40 வோல்ட் எக்ஸ்ஜிடி மெஷினையும் பக்கத்திலேயே அடுக்கியிருப்பார்கள், அதில் உங்கள் பேட்டரி மாட்டாது. டிரில் பேட்டரியைக் கையோடு கொண்டுபோய் அங்கேயே மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.