தொப்பூர் இறக்கத்தில் கருகிய வாடை, பிரேக் பிடிக்கவில்லை: லைனிங் கோளாறா, என் ஓட்டமா?

டாரஸ்_புதுசு
அண்ணன்மார்களே, ஒரு சந்தேகம். மூன்று வருடம் ஆறு சக்கர வண்டி ஓட்டிவிட்டு டாரஸுக்கு (பத்து சக்கர லாரி) வந்து நாலு மாதம் ஆகிறது. பிஎஸ்4 புகை விதிப்படி வந்த, கம்ப்யூட்டர் வைத்த வண்டி. தாவணகெரேயில் மக்காச்சோளம் ஏற்றி நாமக்கல் கோழித்தீவன ஆலைக்கு வருகிறேன். மொத்த எடை 28.5 டன்னுக்குள்தான், ஓவர்லோடு கிடையாது.

போன வாரம் விடியற்காலை நாலு மணி இருக்கும். தர்மபுரியிலிருந்து சேலம் வரும் வழியில், பாளையம் டோல் தாண்டி தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பாதி தூரம் வந்ததும் கருகிய வாடை. இரட்டைப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் பெடலை எவ்வளவு மிதித்தும் வண்டி பிடிக்கவில்லை. பிரேக்குக்கான காற்றழுத்தம் காட்டும் ஏர் கேஜும் இறங்கி, எச்சரிக்கை பஸ்ஸர் கத்த ஆரம்பித்துவிட்டது. எப்படியோ கீழே வந்து ஓரங்கட்டினேன். பின்னால் இடது பக்கம் ஒரு சக்கரத்தில் புகை.

பத்து நாளைக்கு முன்னால்தான் லைனிங் (சக்கரத்து டிரம்மில் உரசி வண்டியைப் பிடிக்கும் பட்டை) மாற்றியது. பட்டறையில் கேட்டால், "புது லைனிங் அப்படித்தான் வாடை வரும்" என்கிறார்கள். நம்பலாமா?

ஏர்_பிரேக்_பட்டறை
வாடை வரலாம், பிரேக் போகக் கூடாது. மூன்று கேள்விக்கு மறைக்காமல் பதில் சொல்லுங்கள் தம்பி. எந்த கியரில் இறங்கினீர்கள்? புகைக்குழாயை அடைத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் வேலை செய்கிறதா? நின்றதும் மற்ற சக்கரங்களின் சூட்டைப் பார்த்தீர்களா?

டாரஸ்_புதுசு
கொஞ்ச தூரம் நியூட்ரல்தான் அண்ணே. மைலேஜ் வந்தால் முதலாளி தனியாகக் காசு தருவார். எக்ஸாஸ்ட் பிரேக் ஸ்விட்ச் இருக்கிறது, போட்டாலும் வித்தியாசம் தெரியவில்லை. மற்ற சக்கரம் எல்லாம் வெதுவெதுப்பு, அந்த ஒன்றுதான் பக்கத்திலேயே போக முடியாத சூடு. கிளீனர் தண்ணீர் ஊற்றப் போனான், நான் தடுத்துவிட்டேன்.

ஏர்_பிரேக்_பட்டறை
தடுத்தது நல்லது. அந்தச் சூட்டில் தண்ணீர் பட்டால் டிரம் விரிசல் விடும். சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, தானாக ஆற விட வேண்டியதுதான்.

இனி விஷயத்துக்கு வருவோம். மூன்று ஆக்ஸில், பக்கத்துக்கு ஒன்றாக ஆறு பிரேக். ஆறும் செய்ய வேண்டிய வேலையை உங்கள் வண்டியில் ஒன்றே செய்திருக்கிறது. லைனிங் மாற்றிய சக்கரத்தை இறுக்கி வைத்துவிட்டு, மற்ற சக்கரங்களின் ஸ்லாக் அட்ஜஸ்டரை, அதாவது லைனிங்குக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் பாகத்தை, தொடாமல் விட்டிருப்பார்கள். பெடலை மிதித்ததும் இறுக்கமாக இருப்பது முதலில் பிடித்து, சூடேறி, டிரம் விரிந்து, கடைசியில் அதுவும் பிடிக்காமல் போகும். லைனிங் ஆக்ஸிலுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றினார்களா? ஆறு பிரேக்கையும் ஒரே அளவுக்கு அட்ஜஸ்ட் செய்யச் சொல்லுங்கள். புது லைனிங் டிரம்மோடு படிய சில நாள் ஆகும், அதற்குள் லோடோடு கணவாய் இறங்காமல் இருந்தால் நல்லது.

எக்ஸாஸ்ட் பிரேக்கில் புகைக்குழாயை மூடித் திறக்கும் பட்டர்ஃப்ளை வால்வு கரி பிடித்து அசையாமல் நிற்கும், இல்லையென்றால் ஏர் டியூப் கழன்றிருக்கும். ஆனால் அது நூறு சதம் சரியாக இருந்தாலும் நியூட்ரலில் பிரயோஜனம் இல்லை. எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்தபிறகு எஞ்சின் எதைப் பிடித்து இழுக்கும்?

சங்ககிரி_பெரிசு
தம்பி, இருபத்தெட்டு வருடம் ஸ்டியரிங் பிடித்தவன் சொல்கிறேன். அந்த ரோட்டில் நியூட்ரல் போட்டுக் கவிழ்ந்த வண்டிகளை எண்ணி மாளாது. 2020 டிசம்பரில் சிமெண்ட் லாரி ஒன்று பத்துப் பன்னிரண்டு வண்டிகளை வாரிக்கொண்டு போனதே, அதே இறக்கம்தான்.

டீசல் மிச்சம் என்பதே பொய்க் கணக்கு. பிஎஸ்4 வண்டியில் கியர் போட்டு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே எஞ்சினைச் சுற்றும், கம்ப்யூட்டர் டீசலை நிறுத்திவிடும். நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் குடித்துக்கொண்டேதான் இருக்கும். உங்களுக்கு ஏர் இறங்கியதும் அதனால்தான். ஐடிலிங்கில் காற்றை அடைக்கும் கம்ப்ரஸர் மெதுவாகச் சுற்றும், நீங்களோ பயத்தில் பெடலை விட்டு விட்டு மிதிப்பீர்கள். செலவு அதிகம், வரவு குறைவு.

கியரைக் குறைப்பது டோலிலிருந்து கிளம்பி இறக்கம் தொடங்கும் முன்பே. வேகம் 60 ஆனபிறகு நியூட்ரலிலிருந்து கியர் உள்ளே போகாது, கரகரவென்று சத்தம்தான் வரும். அதே மேட்டை லோடோடு ஏற எந்த கியர் வேண்டுமோ, அதிலேயே இறங்குங்கள். நான் அங்கே 30ஐத் தாண்ட மாட்டேன். 30 அறுபதானால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி நாலு மடங்கு. 30ஐத் தொட்டதும் ஒரே மிதியாக மிதித்து இருபதுக்குக் கொண்டுவந்து காலை எடுத்துவிட வேண்டும். பெடல்மேல் காலை வைத்துக்கொண்டே இறங்கினால் லைனிங் வறுபடும்.

பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பான். அடிக்கட்டும், இடது ஓரம் போய்க்கொண்டே இருங்கள்.

ஹைவே_டீக்கடை
எல்லாரும் வண்டியையே கேட்கிறீர்கள். தம்பி, விடியற்காலை நாலு மணிக்கு இறங்கினீர்கள் சரி, வண்டியை எடுத்தது எத்தனை மணிக்கு?

டாரஸ்_புதுசு
முந்தின நாள் மாலை ஆறு மணி. நடுவில் தும்கூர் பக்கம் ஒரு டீ.

ஹைவே_டீக்கடை
பத்து மணி நேரத்துக்கு ஒரு டீயா! 1961ஆம் வருடத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே நாளுக்கு 8 மணி நேரம் வேலை, 5 மணி நேரத்துக்குமேல் தொடர்ந்து ஓட்டாமல் நடுவில் அரை மணி ஓய்வு என்று இருந்தது. யார் பார்த்தார்கள் என்பது வேறு கதை. தர்மபுரிக்கு முன்னாலேயே ஒரு மணி நேரம் கண்ணயருங்கள். அப்படியே சக்கரத்தையும் சுற்றிப் பார்த்த மாதிரி இருக்கும்.

டாரஸ்_புதுசு
ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். பட்டறை அண்ணன் சொன்னதேதான். இடது பக்கம் மட்டும் லைனிங் மாற்றியிருக்கிறார்கள், வலது பக்கம் பழையது. வேறு பட்டறையில் ஜோடியாக மாற்றி ஆறையும் அட்ஜஸ்ட் செய்தாச்சு. எக்ஸாஸ்ட் வால்வு கரியில் ஒட்டிக்கிடந்தது. சுத்தம் செய்தபிறகு ஸ்விட்ச் போட்டால் வண்டி பின்னால் இழுப்பதே தெரிகிறது.

நேற்று மூன்றாவது கியரில் இறங்கினேன். பெடலை நாலைந்து தடவைக்குமேல் தொடவில்லை, ஏர் கேஜ் முள் எட்டிலிருந்து ஏழுக்குக்கூட வரவில்லை. கீழே நிறுத்திப் பார்த்தால் எல்லாச் சக்கரமும் ஒரே சூடு.

மைலேஜ் குறையவில்லை. முதலாளிதான் நம்ப மாட்டேன் என்கிறார், அடுத்த டிரிப்பில் தானே கூட வந்து டேங்க்கைப் பார்க்கப் போகிறாராம்.

சங்ககிரி_பெரிசு
வரட்டும். இறக்கத்தில் ஹாரன் சத்தம் கேட்டு, "வேகமாப் போடா" என்பார். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.